காரணத்துக்கு வாக்கா, முடிவுக்கு வாக்கா?

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பேர். மொட்டை மாடியில் சோலார் பேனல் வைப்பதா வேண்டாமா என்று இவர்கள் முடிவெடுக்க வேண்டும். இரண்டு விஷயம் சரியாக இருந்தால் வைத்துவிடலாம் என்று பொதுக்குழுவில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று: மாடி அந்த எடையைத் தாங்க வேண்டும், சங்கத்தின் கையிருப்பே செலவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். தலைவர் இரண்டுக்கும் ‘ஆம்’ என்கிறார். செயலாளர், மாடி தாங்கும், ஆனால் பணம் போதாது என்கிறார். பொருளாளர், பணம் இருக்கிறது, மாடிதான் தாங்காது என்கிறார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மாடி தாங்குமா? தாங்கும், 2-1. பணம் போதுமா? போதும், 2-1. பேனல் வைக்கலாமா? தலைவர் ஒருவர்தான் சரி என்கிறார், மற்ற இருவரும் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம், 2-1. மூவரில் ஒருவருடைய யோசனையிலும் முரண் கிடையாது. ஆனால் குழு என்று மொத்தமாகப் பார்த்தால் அது முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறது. அடுத்த பொதுக்குழுவில் யாராவது எழுந்து, “மாடியும் தாங்கும்னு சொல்றீங்க, பணமும் இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் வைக்கலை?” என்று கேட்டால் மேடையில் இருப்பவர்களிடம் பதில் இருக்காது.

இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருக்கக் குழு முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாக வாக்கெடுத்து, அதிலிருந்து முடிவைத் தருக்கப்படி வருவித்துக்கொள்வது ஒரு வழி. இதைக் காரணவழி என்று சொல்லலாம். காரணங்களை அவரவர் மனதிலேயே வைத்துக்கொண்டு, முடிவுக்கு மட்டும் கை தூக்குவது இன்னொரு வழி, இது முடிவுவழி. மேலே சொன்ன மூவரும் முதல் வழியில் போனால் பேனல் வரும், இரண்டாவது வழியில் போனால் வராது. ஆட்களும் அவர்களது கருத்தும் அப்படியேதான் இருக்கின்றன. வாக்கெடுக்கும் முறை மட்டும்தான் மாறுகிறது.

நீதிமன்றங்களில் இந்த வேறுபாடு ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. லூயிஸ் கார்ன்ஹவுசர், லாரன்ஸ் சேகர் என்ற இரு அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் 1986-லும் 1993-லும் எழுதிய கட்டுரைகள் வழியாகத்தான் இது பரவலாகக் கவனத்துக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

முதலாவது, 1991-இல் தீர்ப்பான அரிசோனா எதிர் ஃபுல்மினான்டே. 11 வயதுச் சிறுமியின் கொலை வழக்கு. வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, மற்ற கைதிகளிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொன்ன சக கைதியிடம் குற்றம் சாட்டப்பட்ட ஃபுல்மினான்டே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். அந்தச் சக கைதி எஃப்பிஐ-யிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்த உளவாளி. அந்த வாக்குமூலமும் சாட்சியமாகச் சேர்ந்துதான் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன் மூன்று கேள்விகள் இருந்தன. வாக்குமூலம் மிரட்டலால் வந்ததா? அப்படி வந்த வாக்குமூலத்தைச் சேர்த்ததை ‘தீங்கில்லாப் பிழை’, அதாவது தண்டனையைப் பாதிக்காத தவறு, என்று ஒதுக்கிப் பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டா? இடம் உண்டு என்றால், இந்த வழக்கில் அது உண்மையிலேயே தீங்கில்லாததா?

மிரட்டல்தான் என்று ஐந்து பேர் சொன்னார்கள்: வைட், மார்ஷல், பிளாக்மன், ஸ்டீவன்ஸ், ஸ்காலியா. தீங்கில்லாப் பிழை என்று பார்க்க இடம் உண்டு என்று வேறொரு கூட்டணியில் ஐந்து பேர் சொன்னார்கள். ஸ்காலியா அதிலும் உண்டு. மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். ஸ்காலியாவைப் பொறுத்தவரை மிரட்டல் உண்மை, ஆனாலும் அது தண்டனையைப் பாதிக்கவில்லை. ஆகவே தண்டனை நிற்கட்டும் என்பது அவர் நிலை. இன்னொரு நீதிபதியான கென்னடியைப் பொறுத்தவரை மிரட்டலே இல்லை. அவர் கணக்கிலும் தண்டனை நிற்க வேண்டும். தண்டனையை நீக்கி மறுவிசாரணை வேண்டும் என்று தங்கள் சொந்தக் காரணங்களாலேயே வந்து சேர்ந்தவர்கள் நான்கு பேர் மட்டும்தான். முடிவுக்கு மட்டும் கை தூக்கச் சொல்லியிருந்தால் 5-4 என்று தண்டனை நின்றிருக்கும்.

கென்னடி அங்கே ஒரு காரியம் செய்தார். மிரட்டல் இருந்தது என்று பெரும்பான்மை சொல்லிவிட்டதை ஏற்றுக்கொண்டு, அப்படியானால் அது தீங்கில்லாத பிழை அல்ல என்று மூன்றாவது கேள்விக்கு வாக்களித்தார். அரிசோனா நீதிமன்றத்துக்குத் தெளிவான உத்தரவு போக வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதாவது, தன் முடிவை விட்டுக்கொடுத்து, குழுவின் காரணங்கள் எங்கே கொண்டுபோகின்றனவோ அங்கே போனார். மறுவிசாரணை கிடைத்தது. ஒரு நீதிபதி தன் கருத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வாக்களிக்கும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டதன் விளைவு இது. இந்தத் தீர்ப்பை வாசித்த பிறகு வாக்கெடுப்பு முறை என்பதை வெறும் நடைமுறைச் சடங்காக என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது, 1949-இன் டைட்வாட்டர் வழக்கு. தலைநகர் வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராதது. அங்கே உள்ளவர்கள் வேறு மாநிலத்தவர் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்று நாடாளுமன்றம் 1940-இல் சட்டம் போட்டது. அது செல்லுமா? மூன்று நீதிபதிகள், நாடாளுமன்றத்துக்குரிய சட்டமியற்றும் அதிகாரத்திலேயே இது அடங்கும், அதனால் செல்லும் என்றார்கள். இரண்டு பேர் அதை மறுத்து, வாஷிங்டனையும் ஒரு ‘மாநிலம்’ என்றே கொள்ளலாம், அதனால் செல்லும் என்றார்கள். நான்கு பேர் இரண்டையுமே மறுத்தார்கள். முதல் காரணத்தை ஒன்பதில் ஆறு பேர் நிராகரித்தார்கள், இரண்டாவதை ஏழு பேர் நிராகரித்தார்கள். ஆனாலும் 5-4 என்று சட்டம் செல்லும் எனத் தீர்ப்பானது. அங்கே யாரும் கென்னடி செய்ததைச் செய்யவில்லை. முடிவுக்கான வாக்கே நின்றது.

ஒரே நீதிமன்றம் ஒருமுறை காரணவழியிலும் ஒருமுறை முடிவுவழியிலும் போயிருக்கிறது. எதில் போக வேண்டும் என்று சொல்லும் விதி எதையும் அது தனக்கு வகுத்துக்கொள்ளவில்லை.

இந்த இரண்டு வழக்கையும் தருக்கக் குறியீட்டில் எழுதிப் பார்த்தால் வெறும் வாசிப்பில் தெரியாத ஒன்று தெரியும். ஃபுல்மினான்டே வழக்கில் மறுவிசாரணைக்கு ‘இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்’ என்ற நிபந்தனை. டைட்வாட்டரில் சட்டம் செல்ல ‘இது அல்லது அது’ போதும். முடிவுவழி வாக்கு எப்போதும் ஒரு பக்கம் சாயும்: ‘உம்’ போட்டு இணைத்த நிபந்தனை யாருக்குத் தேவையோ அவருக்கு எதிராகவும், ‘அல்லது’ யாருக்கு இருக்கிறதோ அவருக்கு ஆதரவாகவும். சோலார் பேனல் கதையில் பேனல் வேண்டும் என்பவர்கள் தோற்றதும் இதனால்தான். யாருமே சதி செய்யாதபோதும் இந்தச் சாய்வு இருக்கும். விதியை எழுதுபவர் எந்தத் தரப்பின் தலையில் ‘உம்’மைச் சுமத்துகிறார் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

சரி, இரண்டும் வேண்டாம், எல்லாக் கேள்விக்கும் பெரும்பான்மையையே எடுத்துக்கொண்டு, முரணும் வராத ஒரு நல்ல முறையைக் கண்டுபிடித்தால் என்ன? கிறிஸ்டியன் லிஸ்ட், பிலிப் பெட்டிட் என்ற இரு தத்துவ அறிஞர்கள் 2002-இல் இதைத்தான் சோதித்தார்கள். உறுப்பினர்கள் எந்தக் கருத்தோடும் வரலாம், ஆனால் தன்னளவில் முரணில்லாமல் வர வேண்டும். எல்லோர் வாக்கும் சமம். எல்லாக் கூற்றுகளையும் ஒரே அளவுகோலால், அந்தந்தக் கூற்றுக்கு விழுந்த வாக்கை வைத்து மட்டுமே தீர்மானிக்க வேண்டும். கடைசியில் குழு எல்லாவற்றுக்கும் முரணில்லாத பதில் சொல்ல வேண்டும். கேட்க எல்லாமே நியாயமாகத்தான் இருக்கின்றன. நாம் பார்த்த மாதிரி ஒன்றோடொன்று பின்னிய கூற்றுகள் இருந்தால், இத்தனையையும் நிறைவேற்றும் முறை எதுவுமே இருக்க முடியாது என்று அவர்கள் நிரூபித்தார்கள். பொருளியல் அறிஞர் கெனத் ஆரோ 1951-இல் வாக்காளர்களின் விருப்ப வரிசைகளுக்கு நிரூபித்த புகழ்பெற்ற தேற்றத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆக, காரணவழியா முடிவுவழியா என்பது ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டிய தேர்வு.

இந்த இடத்தில் முறைசார் தருக்கத்தின் உழைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் இதை வெறும் குறியீட்டு அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஆரோ தேற்றத்தின் மிகச் சிறிய வடிவம்: இரண்டு வாக்காளர்கள், மூன்று வேட்பாளர்கள். ஒருவர் மூன்று பேரை 6 விதமாக வரிசைப்படுத்தலாம், இருவருக்கும் சேர்த்து 36 நிலைமைகள். ஒவ்வொன்றுக்கும் குழுவின் வரிசையாக 6-இல் ஒன்றைக் கொடுப்பதுதான் ஒரு வாக்குமுறை. அப்படியானால் மொத்த முறைகள் 6-ஐ 36 தடவை பெருக்கிய எண்ணிக்கை, 29 இலக்க எண். மனிதன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. பிங்ஜோங் டாங், ஃபாங்ஜென் லின் இருவரும் ஆரோவின் நிபந்தனைகளைத் தருக்க வாய்பாடுகளாக எழுதிக் கணினியிடம் கொடுத்தார்கள். அந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் முறைகளில் சர்வாதிகாரி, அதாவது தன் விருப்பத்தையே எப்போதும் குழுவின் முடிவாக்கும் ஒருவர், இல்லாத முறை ஒன்றுகூட இல்லை என்று அது சொல்லிவிட்டது. பெரிய குழுக்களுக்கான தேற்றத்தை இந்தச் சிறிய வடிவத்தின் மேல் படிப்படியாகக் கட்டி எழுப்பினார்கள். அதே காலத்தில் டோபியாஸ் நிப்கோவ் ஆரோவின் முழு நிரூபணத்தையும் இசபெல் என்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருளில் வரி வரியாக எழுதிச் சரிபார்த்தார். கூட்டு முடிவு பற்றி ‘இது முடியாது’ என்று யாராவது சொன்னால், அது அனுபவத்தில் வந்த அலுப்பா, நிரூபணமா என்று பிரித்துச் சொல்ல இப்படிக் கருவிகள் இருக்கின்றன. எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது.

இன்னொரு பயன் நடைமுறையில் உடனே கைகொடுப்பது. எந்தக் குழுவுக்கு இந்தத் தலைவலி வரும், எதற்கு வராது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். நிகழ்ச்சி நிரலில் உள்ள கூற்றுகளில், இரண்டிரண்டாக எடுத்தால் ஒத்துப்போய், மூன்றையும் சேர்த்தால் மட்டும் முரண்படுகிற தொகுப்பு ஏதாவது இருக்கிறதா? ‘மாடி தாங்கும்’, ‘பணம் போதும்’, ‘பேனல் வேண்டாம்’ என்ற மூன்றும் அப்படிப்பட்டது. மூன்றோ அதற்கு மேலோ கொண்ட அத்தகைய தொகுப்பு எதுவுமே இல்லை என்றால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் உறுப்பினர்கள் உள்ள குழுவில் பெரும்பான்மை ஒருநாளும் முரண்படாது. நீங்கள் நிம்மதியாகக் கை தூக்கலாம், இந்தக் கட்டுரையும் உங்களுக்குத் தேவையில்லை.

தேர்வு செய்தே ஆக வேண்டியவர்கள் முதலில் கேட்க வேண்டியது: எந்த வழி சரியான பதிலை அதிகம் தரும்? பிரெஞ்சுக் கணித அறிஞர் கோன்டோர்செ 1785-இல் போட்ட கணக்கு இங்கே உதவும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் 60 விழுக்காடு சரியாகச் சொல்பவர், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரின் பெரும்பான்மை 64.8 விழுக்காடு சரியாக இருக்கும். நம் எடுத்துக்காட்டில் உண்மையிலேயே மாடியும் தாங்கும், பணமும் போதும் என்றால், காரணவழி ‘வைக்கலாம்’ என்று சரியாகச் சொல்லும் வாய்ப்பு சுமார் 42 விழுக்காடு. முடிவுவழிக்குச் சுமார் 30 தான். 101 பேர் கொண்ட பேரவையாக இருந்தால் இடைவெளி தலைசுற்ற வைக்கும்: காரணவழி 95 விழுக்காட்டுக்கு மேல், முடிவுவழி ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். ஒருவர் இரண்டு காரணங்களையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 36 விழுக்காடுதான். அது பாதிக்குக் கீழே இருப்பதால், கூட்டம் பெருகப் பெருக முடிவுவழி தவற்றில் இன்னும் உறுதியாகிறது. ஒவ்வொருவரின் திறமையும் ஏறத்தாழ 71 விழுக்காட்டைத் தாண்டினால்தான் இந்தத் திசை மாறும். நிபந்தனைகள் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். மாடியும் தாங்காது, பணமும் போதாது என்பதுதான் உண்மை என்றால், மூவர் குழுவில் முடிவுவழி 93 விழுக்காடு சரியாக ‘வேண்டாம்’ என்கிறது. காரணவழி சுமார் 88. ஒன்று மட்டும் பொய் என்றால் 85-க்கு 77. முடிவுவழி ‘வேண்டாம்’ சொல்வதில் கெட்டி. எனவே இதைப் பொதுவாக ‘எது சிறந்தது’ என்று கேட்பதில் பொருளில்லை. தவறாகச் சம்மதிப்பது பெரிய இழப்பா, தவறாக மறுப்பது பெரிய இழப்பா என்று கேட்க வேண்டும். குற்றவாளி என்று தீர்மானிக்க இத்தனை இத்தனை கூறுகளும் நிரூபணமாக வேண்டும் என்ற இடத்தில், முடிவுவழியின் தயக்கம் நல்லது. நிரபராதிக்கு அது ஒரு காப்பு. தகுதியுள்ள மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கும் குழுவில் அதே தயக்கம் அநியாயம். ‘மதிப்பெண் இருக்கிறது என்று பெரும்பான்மை, குடும்பத்தில் வசதியில்லை என்று பெரும்பான்மை, ஆனால் உதவித்தொகை கிடையாது’ என்று ஒரு பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

காரணவழியின் பெரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. செயலாளருக்குப் பேனல் வேண்டாம். காரணங்களுக்குத் தனித்தனியாக வாக்கெடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் யோசிப்பார். மாடி தாங்கும் என்று உள்ளுக்குள் நம்பினாலும், “தாங்காது” என்று கை தூக்கினால் மாடிக் கேள்வி 2-1 என்று விழுந்துவிடும், பேனலும் வராது. அவர் விரும்பிய முடிவும் கிடைத்துவிடும், பதிவேட்டில் ஒரு பொய்யும் ஏறிவிடும். நாளைக்கு அதே மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது பற்றிப் பேச்சு வந்தால், ‘மாடி தாங்காது என்று போன வருடமே முடிவாயிற்றே’ என்று அந்தப் பொய் திரும்பி வரும். முடிவுவழியில் இந்த ஆசைக்கு இடமே இல்லை. வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொன்னால் போதும், எதையும் மறைத்து லாபமில்லை.

மற்ற வழிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆதரவு இருந்தால்தான் எந்தக் கூற்றையும், அதன் மறுப்பையும், ஏற்பது என்று வைத்தால் இரண்டு காரணம், ஒரு முடிவு உள்ள இடத்தில் முரண் வராது. ஆனால் பாதிக் கேள்விகளுக்குக் குழு வாயே திறக்காது. எல்லோருடைய கருத்துக்கும் மொத்தமாக மிக அருகில் உள்ள முரணற்ற தொகுப்பைக் கணக்கிட்டு எடுக்கும் ‘தூர’ முறையும் உண்டு. கணக்காக அழகானது. ஆனால் நம் மூவர் எடுத்துக்காட்டில் போட்டுப் பாருங்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் கருத்துத் தொகுப்புமே சமதூரத்தில் வந்து நிற்கும். கூற்றுகள் பெருகினால் கணினிக்கே அது கடினமான கணக்கு. ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வியை எடுத்து, முன்பு முடிவானதை மாற்றாமல் போகலாம் என்றால், எது முதலில் வர வேண்டும் என்று தீர்மானிப்பவர் கையில் எல்லா அதிகாரமும் போய்விடும். இவற்றில் எதையும் ஒரு சாதாரணச் சங்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாடிக் கேள்வியைப் பொறியாளர்களிடமும் பணக் கேள்வியைக் கணக்குத் தெரிந்தவர்களிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டு முடிவை வருவித்துக்கொள்வது மட்டும் உண்மையிலேயே நல்ல மாற்று. காரணவழியில்தான் அதற்கு இடம் உண்டு.

நம் நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கும் இது அந்நியமல்ல. அரசியலமைப்பின் 145(5) பிரிவு, அமர்வில் இருக்கும் நீதிபதிகளில் பெரும்பான்மையோரின் இசைவு இல்லாமல் தீர்ப்புக் கூடாது என்கிறது. இசைவு முடிவுக்கா, காரணத்துக்கா என்று அது விரித்துச் சொல்லவில்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 11 தனித்தனித் தீர்ப்புகளை எழுதினார்கள். அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்புகள் உண்டு என்று ஆறு பேர், வரம்பு இல்லை என்று ஆறு பேர். எச். ஆர். கன்னா தன் தனிப் பாதையில், அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்றார். இத்தனையையும் சேர்த்து என்ன தீர்ப்பு என்று சொல்ல, ‘பெரும்பான்மையின் பார்வை’ என்று சில கூற்றுகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்பது பேர் போட்டார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். அந்தத் தாள் உண்மையில் பெரும்பான்மையின் கருத்தைத்தான் சொல்கிறதா என்ற வாதம் சட்ட வட்டாரத்தில் நீண்ட காலம் ஓடியது. தனித்தனிக் காரணங்களை எண்ணிக் கூட்டும் முறையை முன்பே வகுத்துக்கொள்ளாத எந்த அமர்வுக்கும் இந்த நிலை வரலாம்.

என் தேர்வு இது. குழு தன் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டது என்றால், அந்தக் காரணங்களே அடுத்த முடிவுகளுக்கு முன்னுதாரணமாகப் போகும் என்றால், காரணவழியில் போங்கள். ஒரு நிபந்தனையோடு: எந்தெந்தக் காரணங்கள், அவை ‘உம்’மா ‘அல்லது’வா என்பதைக் குறிப்பிட்ட விவகாரம் மேசைக்கு வரும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். காரணங்களிலேயே உடன்பாடு இல்லாமல் ஒருவர் நிழலுக்காகவும் இன்னொருவர் அழகுக்காகவும் மரம் நடச் சொல்கிற இடத்தில் முடிவுவழிதான் நேர்மையானது. யாரையாவது தண்டிப்பது, நீக்குவது, விலக்குவது பற்றியது என்றாலும் முடிவுவழியையே வையுங்கள். தண்டிக்கும் தரப்பின் மேல்தான் ‘உம்’ இருக்க வேண்டும்.

காரணவழியில் பொய் வாக்கைக் குறைக்க, கை தூக்குவதற்குப் பதில், ஒவ்வொருவரும் எல்லாக் கேள்விக்கும் ஒரே நேரத்தில் எழுதிக் கொடுக்கட்டும். காரணங்களின் எண்ணிக்கையோடு, முடிவை நேராகக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதையும் அந்தத் தாள்களிலிருந்தே எண்ணிப் பதிவேட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் அன்றே முடிக்க அவசரப்படாமல், எந்தக் காரணத்தில் வாக்கு மிக நெருக்கமாகப் பிரிந்ததோ அதை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி, மாடியென்றால் கட்டுமானப் பொறியாளரின் அறிக்கையையும், பணமென்றால் வங்கிக் கணக்கு அறிக்கையையும் வரவழைத்து, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறுபடி எழுதி வாங்கலாம். இதை அடுத்த பொதுக்குழுவில் சங்க விதியில் சேர்த்துவிட்டால், எந்த வழியில் எண்ணுவது என்ற தகராறு முடிவு தெரிந்த பிறகு கிளம்பாது.